உபயத்துக்குக் கொடுத்த முகவரி

வெள்ளவத்தையில் எந்த வங்கிக்குள் போனாலும் கவுன்டருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். இல்லாவிட்டால் சொந்தக்காரரின் சொந்தக்காரர். அம்மாவின் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டு முடித்த பிறகுதான் நம்முடைய பாஸ் புத்தகத்தைக் கையில் வாங்குவார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் வீடு வந்து சேருமுன்பே அந்த அன்பு காலி வீதியைக் கடந்து வந்து அம்மாவிடம், "உங்கட மூத்தவ இண்டைக்குக் காசு எடுத்தவ, வீட்டில ஏதும் விசேஷமோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆகவே, தங்கை புருஷனை விட்டு வந்து, அவளுடைய அறை வாடகைக்கு மாதாமாதம் நான் ஏதாவது அனுப்ப வேண்டும் என்று வந்தபோது வங்கி என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

அவளுடைய புருஷனை எங்கள் வீட்டில் 'மாப்பிள்ளை' என்றுதான் சொல்வோம். அவனை 'அவன்' என்று சொல்ல எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது, இப்போது நன்றாகப் பழகிவிட்டது. அவன் கை நீட்டுகிறவன். அது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. தங்கை சொன்னது வேறு. "அடியைத் தாங்கலாம் அக்கா, அவர் பாக்கிறதைத்தான் தாங்க ஏலாது." அவளுடைய போனைப் பார்ப்பான். யாருடன் எவ்வளவு நேரம் கதைத்தாள் என்று பார்ப்பான். கடைத் துண்டைப் பார்த்து, வாங்கிய சாமானை அலுமாரியில் தேடுவான். சந்தைக்குப் போய் வந்தால் போன பஸ்ஸிலேயே ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்பான். ஒரு நாள் உடுத்த உடுப்போடு என்னுடைய பிளாட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, நீதிமன்றத்துக்குப் போய், அவன் அவளுக்குக் கிட்டப் போகக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஒரு பாதுகாப்புக் கட்டளை எடுத்தோம். அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியக் கூடாது என்றும் சட்டத்தரணி சொல்லிவிட்டார்.

கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு மொன்டிசோரிப் பள்ளியில் வேலையும் கிடைத்தது. அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்குச் சரி, வாடகைக்குக் காணாது.

கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம்தான். ஆனால் என்னுடைய பிளாட்டுக்குக் கீழே, எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலில், அவன் வந்து நிற்கத் தொடங்கியிருந்தான். என்னைக் கண்டால் "எப்பிடி அக்கா?" என்று சிரிப்பான். கட்டளையில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை, வீதியில் நிற்பவனை நான் என்ன செய்வது? நான் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அவனுக்குத் தெரியும். ஓட்டோ நிறுத்துமிடத்துப் பெடியன்களும் அவனுக்குக் கூட்டு.

என்னிடம் இன்னொரு வழி இருந்தது. நான் வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். அவர்கள் அனுப்பும் வீடியோக்களைக் கேட்டு, கீழே ஓடும் எழுத்துகளைப் போடுவதுதான் வேலை. ஆரம்பத்தில் சம்பளம் வங்கிக்கு வந்தது, அதில் ஆயிரம் சிக்கல். பிறகு அவர்கள் கிரிப்டோவில் தருகிறோம் என்றார்கள். டொலரின் பெறுமதியை ஒட்டியே நிற்கும் டிஜிட்டல் காசு. முதலில் பயந்தேன். பிறகு பிடித்துப்போயிற்று. கவுன்டர் இல்லை, சீனி வருத்தம் இல்லை, போனில் ஒரு செயலி, அதற்கு நீளமான ஒரு முகவரி, அவ்வளவுதான். புறக்கோட்டையில் போன் உறை, சார்ஜர் விற்கும் ஒரு முஸ்லிம் நானா அதை ரூபாயாக மாற்றித் தருவார். தன்னுடைய முகவரியை ஒரு கட்டமாக அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அதைப் போனால் படம் பிடித்துக் காசை அனுப்பினால் கையில் ரூபாயை எண்ணித் தருவார்.

தங்கையின் புது போனிலும் அதே செயலியைப் போடச் சொன்னேன். போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"அக்கா, இது ஆருக்கும் தெரிய வராதுதானே?" என்று கேட்டாள்.

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. வெறும் எழுத்தும் இலக்கமும்தான். கடவுளுக்கே தெரியாது," என்றேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதைக் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒவ்வொரு மாதமும் எனக்குச் சம்பளம் வந்ததும் அவளுக்கு ஒரு பகுதியை அனுப்பினேன். அவள் அடுத்த நாளே மொன்டிசோரி விட்டதும் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் முகம் கொஞ்சம் சதை பிடித்தது, வீடியோவில் பார்க்கத் தெரிந்தது. ஒரு நாள் மொன்டிசோரிப் பிள்ளைகளைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளுடைய அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பிறகு திருவிழா வந்தது.

ஜிந்துப்பிட்டிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நாள் உபயம் இருக்கிறது. அப்பா இருக்கும்போது தொடங்கியது. அந்த நாளின் பூசை, மேளம், அன்னதானம் எல்லாம் எங்கள் பொறுப்பு. கனடா, லண்டன், சிட்னி என்று சிதறிக் கிடக்கும் எல்லோரும் ஆளுக்கொரு பங்கு அனுப்புவார்கள். அர்ச்சனையின்போது ஐயர் ஒலிபெருக்கியில் பெயர், நட்சத்திரம் எல்லாம் வாசிப்பார். அந்த வாசிப்பை யாராவது போனில் பதிந்து குடும்பக் குறூப்பில் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். கடவுளுக்குக் கேட்டதோ இல்லையோ, குறூப்புக்குக் கேட்க வேண்டும்.

அந்த முறை கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், குறூப்பிலேயே கேட்டார்: "பாங்கில அனுப்பினா அவங்கள் ஒரு கடி கடிச்சிட்டுத்தான் தருவாங்கள். தங்கச்சி, உனக்குக் கிரிப்டோ இருக்குத்தானே? முகவரியைப் போடு."

போட்டேன். கோயில் நோட்டீஸில் வங்கிக் கணக்கு இலக்கத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிற ஆட்கள் நாங்கள். இலக்கம் தெரிந்தால் காசு போடலாம், உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாற்பது தாண்டிய, கலியாணம் செய்யாத அக்காவிடம் கிரிப்டோ இருக்கிறது, பாருங்கள்.

அந்தக் குறூப்பில் அவனும் இருந்தான். இருந்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கை வெளியேறிய கிழமையே அவனை எடுத்துவிடச் சொன்னேன். குறூப்பை நடத்துபவர் அம்மா. அவர் ஒரே பிடியாக நின்றார்.

"மாப்பிள்ளையைக் குறூப்பால எடுத்தா சனத்துக்கு விளங்கிடும். இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் கொஞ்சம் மனஸ்தாபமா இருக்கினம், அவ்வளவுதான்."

அம்மாவுக்குக் கோர்ட்டுக் கட்டளையும் ஒரு மனஸ்தாபம்தான்.

முகவரியைப் போட்ட மறுநாள் அவன் குறூப்பில் ஒரு படம் போட்டான். என் முகவரிக்குத் தன்னுடைய பங்கை அனுப்பிவிட்ட ரசீது, போன் திரையோடு எடுத்தது. கீழே, "எங்கட குடும்ப உபயத்துக்கு என்ட சிறு பங்கு. எங்கள் இருவரின் பெயரையும் வாசிக்கவும்," என்று எழுதியிருந்தான். உடனே லண்டன் மாமிமார் கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியே, அந்தப் பிள்ளைக்குப் பக்தி இருக்கு." எனக்கு வந்த கடுப்புக்குப் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், அது அம்மாவின் போன்.

திருவிழா நடந்தது. தங்கை வரவில்லை. அவன் முன்வரிசையில் வேட்டி கட்டிக்கொண்டு நின்றான். கோயிலுக்கும் அவளுடைய அறைக்கும் நடக்கிற தூரம்தான். ஐயர் அவனுடைய பெயரையும் அவளுடைய பெயரையும் சேர்த்து வாசித்தது ஒலிபெருக்கியில் தன் ஜன்னல் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னாள். ஜன்னலைச் சாத்திவிட்டாளாம்.

ஐயர் நூறு பெயரை வாசிக்கிறவர், ஒன்றிரண்டு தவறும். அந்த முறை கனடா அண்ணாவின் பெயர் தவறிவிட்டது. அவர் பதிவை இரண்டு தரம் கேட்டுப் பார்த்திருக்கிறார். காசு போய்ச் சேரவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். என்னிடம் கேட்கலாம், ஆனால் கேட்கக் கூச்சம். அதனால் இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய ஒரு பக்கத்துக்குப் போய் என் முகவரியைப் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. பிறகு குறூப்பில் எழுதினார்:

"தங்கச்சி, குறை நினையாத. என்ட காசு வந்திருக்கு, சந்தோசம். ஆனா ஒவ்வொரு மாசமும் உன்ட கணக்கால ஒரே இடத்துக்குக் காசு போகுது. இஞ்ச கனபேர் இப்பிடி ஆரோ முகம் தெரியாத ஆக்களுக்கு அனுப்பி ஏமாந்தவை. ஆருக்கு அனுப்புறாய்?"

அதோடு படமும் போட்டிருந்தார். என்னுடைய முகவரி, அதிலிருந்து போன காசு, போன நாட்கள், போய்ச் சேர்ந்த முகவரி. தெளிவாக இருக்க வேண்டும் என்று சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார், நல்ல மனுசன்.

குறூப் கொதித்தது. ஒரு மாமி சாமி படம் போட்டார். ஒரு மச்சாள், "ஆரெண்டாலும் கலியாணத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கோ," என்று பகிடி விட்டாள். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "ஆரடி அது?" என்றார். நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்தச் செய்தியை அவனும் திறந்து பார்த்திருந்தான். ஒன்றும் எழுதவில்லை.

அண்ணாவைப் போனில் தனியாக எடுத்தேன். அங்கே விடிந்ததோ இல்லையோ, எனக்கென்ன?

"அண்ணா, தனிய எடுத்துக் கேக்கத் தெரியாதே உங்களுக்கு?"

"நான் உன்ட நல்லதுக்குத்தானே கேட்டனான்."

"அழியுங்கோ முதல்ல."

அழித்தார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. முழுவதையும் சொன்னேன். "ஐயோ, நான் என்ன வேலை பாத்திட்டன்," என்றார். அவர் பார்த்த வேலை அல்ல அது, அதற்கு முதலே முகவரியைப் போட்டவள் நான்.

பிறகு நானே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் சம்பளம் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, எதை யாருக்குக் கொடுத்தேன், எல்லாம் முதல் நாளிலிருந்து வரிசையாக இருந்தது. பல்கனியில் உள்ளுடுப்பைக் காயப்போட்டுவிட்டு, வீதியால் போன சனமெல்லாம் பார்த்துக்கொண்டே போனது இத்தனை நாளும் தெரியாமல் இருந்தவள் போல எனக்கு உடம்பு கூசியது. தங்கையின் முகவரியைத் தொட்டேன். அவளுடைய பக்கம் திறந்தது. அதில் வருவது என்னிடமிருந்து. போவது ஒரே ஒரு முகவரிக்கு, நானாவுடையது. பேர் இல்லை, ஊர் இல்லை, ஆனால் பேரும் ஊரும் தேவைப்படாத ஒருவன் குறூப்பில் இருந்தான்.

மறுநாள் காலையிலேயே புறக்கோட்டைக்கு ஓடினேன். கடையில் நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன், அழிக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"அழிக்க ஏலா அக்கா. எழுதினா எழுதினதுதான். பேர மட்டும்தான் மறச்சிருக்கு, மத்த எல்லாம் தெறந்துதான் ஈக்குது. ஒரு முகவரி ஆருடேண்டு தெரிஞ்சா முடிஞ்சுது, அங்கேருந்து நூலப் புடிச்ச மாதிரிப் போகலாம்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே நானா?"

"நீங்க கேக்கல்லையே," என்றார். பிறகு அவருக்கே தன்னைப் பற்றி யோசனை வந்துவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் முகவரிக் கட்டத்தைப் பார்த்தார். அதே கட்டத்தின் படத்தைத் தன் கடைப் பக்கத்தில், இணையத்திலும் போட்டு வைத்திருந்தார், விளம்பரத்துக்கு. "அப்ப தங்கச்சி இங்கதான் வாறாண்டும் அந்தாளுக்குத் தெரியும்," என்றார். உரித்து எடுத்தார். எடுத்து என்ன பயன்?

அங்கே நின்றபடியே தங்கையை எடுத்தேன். மொன்டிசோரி நேரத்தில் போனைப் பையில் வைத்துவிடுவாள். பதில் இல்லை. ஒரு செய்தி அனுப்பினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாள், இந்தக் கூத்து தொடங்குவதற்கு முன்பே, நான் அவளுக்கு அந்த மாதக் காசை அனுப்பியிருந்தேன். அவள் எப்போதும் அடுத்த நாள்தான் மாற்ற வருவாள். அந்த அடுத்த நாள் அன்றைக்குத்தான். அதுவும் அந்தப் பக்கத்தில் மாதம் மாதமாக எழுதியிருந்தது: அக்கா அனுப்பினால் மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு தங்கை மாற்றுவாள்.

நானா கடைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உள்ளே இருத்தினார். மதியம் திரும்பும் நேரம் அவன் வந்தான். எதிர்க்கடை வாசலில், தொங்கும் பைகளுக்குப் பக்கத்தில் நின்றான். அவசரமே இல்லை அவனுக்கு. ஒரு சோடா வாங்கிக் குடித்தான். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் வண்டி தள்ளிக்கொண்டு வந்தால் ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்தான். நான் போன் உறைகளுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே தங்கையை எடுத்துக்கொண்டிருந்தேன். இதுவரை வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை.

கடைசியில் எடுத்தாள். பின்னால் பஸ்ஸின் சத்தம்.

"எங்க நிக்கிறாய்?"

"இந்தா, இறங்கப் போறன்."

"இறங்காத. அவன் இஞ்ச நிக்கிறான்."

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. 'ஆர்' என்று கேட்கவில்லை, 'எப்படி' என்று கேட்கவில்லை. "சரி," என்றாள், போனை வைத்தாள். பஸ்ஸிலேயே இருந்து, கோட்டைப் பக்கமாகப் போய் இறங்கி, வேறு வழியால் அறைக்குத் திரும்பியிருக்கிறாள். அவன் கடைகள் பூட்டும் வரைக்கும் நின்றான். நானும் உள்ளேயே இருந்தேன். நானா எனக்கு இரண்டு தரம் பிளேன்டீ எடுத்துத் தந்தார், இரண்டாம் முறை, "அக்கா, இனி இந்த வேல எனக்கு வேணாம். கோவிக்க வேணாம்," என்றார். கோவிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அவள் அந்தக் கணக்கால் எதையும் எடுக்கவில்லை. வாடகைக்கு வேறு வழி பார்த்தோம், அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தரம் எழுதிப் பட்டது போதும். கணக்கைத் தொடாமல் விட்டால் அவனுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, அடங்கிவிடுவான் என்று நினைத்தோம்.

ஒரு காலையில் தங்கை போனில் எடுத்தாள். "அக்கா, எனக்குக் காசு வந்திருக்கு."

"நான் அனுப்பேல்லையே."

"தெரியும்."

வந்தது ஒரு டொபி வாங்கவும் காணாத தொகை. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். அவள் எழும்புகிற நேரத்துக்கு. அனுப்புகிற கட்டணம் அனுப்பிய காசைவிடக் கூடுதல். அப்படியும் ஒருவன் அனுப்பினான். தொலைபேசி இலக்கத்தை மாற்றலாம், செய்தி வராமல் தடுக்கலாம். இந்தக் கணக்கில் ஒருவர் காசு போடுவதை மட்டும் தடுக்க வழியே இல்லை. கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. அவன் ஒவ்வொரு காலையும் வந்து ஒரு விரலால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

"நான் எழும்பினதும் அது வந்து கிடக்குது அக்கா," என்றாள். குரலில் அந்தப் பழைய தொனி வந்திருந்தது, அவனுடைய வீட்டில் இருந்தபோது போனில் பேசும் தொனி. சாப்பாடு குறைந்தது. மொன்டிசோரிக்குப் போக வீதியில் இறங்குமுன் ஜன்னலால் பார்த்துவிட்டுத்தான் போனாள். வேலையை விட்டுவிட்டு மலைநாட்டுப் பக்கம் எங்கேயாவது போய்விடவா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு சின்ன வாழ்க்கையைக் கட்டினாள். அதை டொபிக் காசால் இடிக்கிறான்.

சட்டத்தரணியிடம் போனோம். நடுவயதுப் பெண், முகத்தில் சிரிப்புக் குறைவு. எல்லாவற்றையும் கேட்டார்.

"எந்த வழியிலயும் தொடர்புகொள்ளக் கூடாது எண்டுதான் கட்டளை. இதுவும் ஒரு வழிதான். ஆனா இது அவர்தான் எண்டு எப்பிடிக் காட்டப் போறீங்கள்? நீங்களே சொல்றீங்கள் பேர் இல்ல எண்டு."

வெளியே வந்தோம். தங்கை படிக்கட்டில் நின்றுவிட்டாள்.

"அக்கா, அவர் உபயத்துக்குக் காசு அனுப்பினவர்தானே."

நான் அங்கேயே போனை எடுத்தேன். குறூப்பில் மேலே மேலே தள்ளிப் போனேன். அவன் போட்ட படம் இருந்தது, கும்பிடும் கைகள் எல்லாம் அப்படியே இருந்தன. 'என்ட சிறு பங்கு.' ரசீதில் அவனுடைய முகவரி முழுசாக இருந்தது. தங்கையின் போனை வாங்கி, காலைக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக நான் வாசிக்க அவள் சரிபார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் பக்தியால் கெட்டான். தன் பெயரை ஐயர் வாசிக்க வேண்டும், சனம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், நான் செய்த அதே வேலையை அவனும் செய்திருந்தான்.

திரும்ப மேலே ஏறினோம். சட்டத்தரணி இரண்டையும் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கண்டேன்.

ஆனால் அவர் ஒன்று சொன்னார். உபயத்துக்கு அவன் போட்ட காசு வந்து சேர்ந்தது என்னுடைய கணக்குக்கு. ஆகவே அந்தப் பக்கத்தை முழுதாக அச்சடித்துக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். என் சம்பளம், அண்ணாமார், மாமிமார் ஒவ்வொருவரும் உபயத்துக்குக் கொடுத்தது, எல்லாம் அதில் போகும். அவனுடைய சட்டத்தரணிக்கும் ஒரு பிரதி போகும். "சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். ஏற்கெனவே வீதியில் தொங்குகிற உடுப்புத்தானே.

வழக்கன்று அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மறுக்க ஏலாது என்று தெரிந்ததும் அவனுடைய சட்டத்தரணி வேறு பாதை எடுத்தார். மனைவியின் செலவுக்குக் கணவன் காசு அனுப்பியது குற்றமா என்று கேட்டார். நீதவான் எவ்வளவு என்று கேட்டார். எங்கள் சட்டத்தரணி சொன்னார். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தக் காசுக்கு இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று அவனிடமே சிங்களத்தில் கேட்டார். பின்வரிசை வாங்கில்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கு முகம் கறுத்தது. தங்கை சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. கட்டளை நீடிக்கப்பட்டது. காசு அனுப்புவதும் தொடர்புதான் என்று தெளிவாக எழுதப்பட்டது. இனி ஒரு தரம் மீறினால் உள்ளே போக வேண்டி வரும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது.

அம்மாவும் அன்று வந்திருந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செருப்பைக் கழற்றியதும் முதலில் என்னிடம் கேட்டது, "இவ்வளவு உழைச்சும் ஏனடி அந்த உடைஞ்ச மிக்சியை மாத்தாம வச்சிருக்கிறாய்?" பிறகு கதிரையில் இருந்து போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "ஒரு ஆளைக் குறூப்பால எப்பிடி எடுக்கிறது?" என்றார். காட்டிக் கொடுத்தேன். அவரே அழுத்தினார். மாப்பிள்ளை நீக்கப்பட்டார் என்று குறூப்பில் ஒரு வரி விழுந்தது. கனடா, லண்டன், சிட்னி எல்லாம் பார்த்தன. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அம்மா முகத்தைக் கழுவப் போனார், திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

காலைக் காசு நின்றுவிட்டது. மருந்துக்கடை வாசலிலும் ஆள் இல்லை. தங்கை கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறாள், அதே மொன்டிசோரி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி என் பிளாட்டுக்கு வருகிறாள். அம்மா மீன் குழம்பு வைப்பார். போன ஞாயிறும் வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய போன் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்தப் பழைய செயலி இன்னும் அதில் இருப்பதைக் கண்டேன்.

"அதை ஏன் இன்னும் வச்சிருக்கிறாய்? அழிச்சு விடு," என்றேன்.

"செயலியை அழிச்சாலும் முகவரி இருக்கும் அக்கா. நீங்கள்தானே சொன்னீங்கள். அவர் போடுறதெண்டா போடுவார், எனக்குத்தான் தெரியாமப் போகும்." குழம்பை எடுத்துச் சோற்றில் விட்டாள். "தட்டினா கேக்க வேணும். கேட்டாத்தான் அடுத்த நாள் ஜன்னலால பாத்திட்டு இறங்கலாம்."

கோர்ட்டு எழுதித் தந்திருக்கிறது, அவன் பயந்துவிட்டான், இனி வரமாட்டான் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். வரமாட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடவுளுக்கே தெரியாது என்று ஒரு தரம் சொன்னவள் நான். அவளுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தேன்.

சாப்பிட்ட கையை எட்டப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அவள் போனைத் திறந்தாள். பார்த்தாள்.

"இண்டைக்கு இல்ல," என்றாள்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.